மூன்று பச்சை ஸ்டிக்கர்

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் 32 வருடமாகச் சின்னதாக ஒரு பாமசி நடத்துகிறேன். சாப்பாட்டுக் கடைக்கும் பல் வைத்தியருக்கும் கருத்து எழுதுகிற ஆள்தான் நான். ஒரு கூட்டத்துக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. ஆனால் யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒரு சேவைதானே. கூப்பிட்டார்கள், உட்கார வைத்தார்கள், சாப்பாடு போட்டார்கள், எங்களிடமிருந்து ஒன்றை வாங்கிக்கொண்டார்கள். வாங்கியதை என்ன செய்தார்கள் என்று கேட்க வேண்டாமா?

விஷயம் இதுதான். இலங்கையில் சுகாதார ஆய்வுக்குக் கிடைக்கும் கொஞ்சப் பணத்தை எந்தக் கேள்விகளுக்கு முதலில் செலவழிப்பது என்று முடிவெடுக்க ஒரு நாள் கலந்தாய்வு. வைத்தியர்களோடு சேர்த்து நோயாளர்களையும் பொதுமக்களையும் கேட்கப் போகிறோம் என்றது அழைப்பு. யார் நடத்தினார்கள், எந்த ஹோட்டல் என்று எழுதப் போவதில்லை. குறையும் சொல்லப் போகிறேன், பெயரையும் போட்டால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள். எனக்கு அடுத்த முறையும் போக ஆசை.

கூப்பிட்டவர் என் கடைக்கு அடிக்கடி வரும் இளம் டொக்டர் ஒருவர். "அங்கிள், பட்டியலில் ஒரு பாமசிக்காரர்கூட இல்லை, நீங்கள் கட்டாயம் வர வேணும்" என்றார். ஒரு நாள் கடையை மகனிடம் விட்டுவிட்டு, காலை ஏழரைக்கே 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறிவிட்டேன். கொள்ளுப்பிட்டியில் இறங்கி இரண்டு நிமிட நடை. இடத்துக்கு முழுப் புள்ளி.

பதிவு மேசையில் தமிழ் தெரிந்த பிள்ளை ஒருத்தி இருந்தாள். இது சின்ன விஷயமில்லை. கொழும்பில் எத்தனை அலுவலகங்களில் இந்த ஒரு ஆளுக்காகக் காத்திருந்திருக்கிறோம்! பெயரைச் சரியான எழுத்தில் எழுதி, கழுத்தில் மாட்டும் அட்டையைத் தந்தாள். அட்டையில் என் பெயருக்குக் கீழே மூன்று மொழியிலும் என் தகுதி அச்சடித்திருந்தது. தமிழில் "பங்குதாரர்". சம்பந்தப்பட்டவர் என்று சொல்ல வந்திருக்கிறார்கள். பக்கத்தில் நின்ற வவுனியாக்காரர் ஒருவர் தன் அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இலாபம் எப்ப பிரிப்பினம்?" என்று கேட்டார். சிரித்துவிட்டு உள்ளே போனோம். அந்தச் சொல் பின்னேரம் திரும்பி வரும், அப்போது சிரிப்பு வராது என்று அந்த நேரம் தெரியவில்லை.

மண்டபம் குளிரூட்டிய அறை என்பதைவிட மீன் வைக்கும் அறை என்பதுதான் பொருத்தம். அப்புறம் ஹெட்போன். உரைபெயர்ப்புக் கூண்டில் இருந்த இருவரில் ஒரு பெண்மணி, சிங்களத்தில் வந்ததைத் தமிழில் அருவி மாதிரி கொட்டினார். அவருக்கு ஐந்துக்கு ஐந்து. ஆங்கிலத்தில் வேகமாகப் பேசி, அதைவிட வேகமாகப் படங்களைத் தள்ளிய ஒருவருக்கு மட்டும் அவரும் கையை விரித்துவிட்டார். ஹெட்போனில் ஒரு பெருமூச்சு கேட்டது, அவ்வளவுதான்.

குத்துவிளக்கு, வரவேற்புரை, வாழ்த்துரை, இன்னொரு வாழ்த்துரை. பத்தேகால்.

பிறகு பேசியவர் ஓய்வுபெற்ற ஒரு பேராசிரியர். இவருக்காக மட்டுமே போயிருந்தாலும் பஸ் காசு தகும். மலேரியாக் கதையைச் சொன்னார். 1934-35இல் அந்தக் காய்ச்சல் இந்தத் தீவில் சுமார் 80,000 பேரைக் கொண்டுபோனது. பிறகு நுளம்புக்கு டி.டி.டி. மருந்தடிப்பு, கிராமம் கிராமமாகக் கண்காணிப்பு என்று வந்து, 1963இல் நாடு முழுவதும் வெறும் 17 பேர். பதினேழு! இனி முடிந்தது என்று எல்லோரும் கையைத் துடைத்துக்கொண்டார்கள். மருந்தடிப்பு நின்றது, பார்வையும் தளர்ந்தது. 1969இல் ஒரே வருடத்தில் 5 இலட்சம் பேரைத் தாண்டியது. மறுபடி முதலிலிருந்து தொடங்கி, உள்ளூரில் பரவிய கடைசி நோயாளர் 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பரில்தான் மலேரியா அற்ற நாடு என்ற சான்று கிடைத்தது.

"நோயாளர் 17 பேராக இருந்த வருடத்தில், இப்படி ஒரு கூட்டம் வைத்து எது பெரிய நோய் என்று கேட்டிருந்தால் மலேரியாவுக்கு எத்தனை வாக்கு விழுந்திருக்கும்?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார். ஒரு படம் இல்லை, ஒரு எழுத்துத் திரையில் இல்லை.

அவர் இறங்கி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஒருங்கிணைப்பாளர் மைக்கை எடுத்து, "சுவரில் 20 நோய்களின் பெயர் இருக்கிறது. ஆளுக்கு மூன்று பச்சை ஸ்டிக்கர். நாட்டின் மிகப் பெரிய நோய் எது என்று நினைக்கிறீர்களோ அதில் ஒட்டுங்கள்" என்றார். பேராசிரியர் முன்வரிசையில் இருந்து தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

என் பெரிய குறை இந்த இடத்தில்தான். நோய் பெரிதென்றால் அதற்கான ஆய்வும் பெரிதாக இருக்க வேண்டும் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். கடையில் நிற்கிறவனுக்கு அது அப்படியில்லை என்று தெரியும். பிரஷர் பெரிய நோய்தான். என் கடையில் போகும் மாத்திரையில் பெரும் பங்கு அதுதான். ஆனால் லொசாட்டன் வேலை செய்யுமா என்று இனி யாரும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, செய்யும். மாத்திரை ஒழுங்காகக் கிடைத்து, ஆள் ஒழுங்காகப் போட்டால் போதும். மற்றப் பக்கம் பாம்புக்கடியைப் பாருங்கள். 2012-13இல் நாடு முழுக்க வீடு வீடாகப் போய்ச் செய்த கணக்கெடுப்பில், ஒரு வருடத்தில் சுமார் 80,000 கடி, 460ஐ ஒட்டிய மரணம் என்று மதிப்பிட்டார்கள். நாங்கள் இன்னமும் ஏற்றுவது இந்தியப் பாம்புகளின் நஞ்சை வைத்து இந்தியாவில் செய்த மருந்து. குணகடுவா என்று சிங்களத்தில் சொல்லும் சின்ன விரியன் இங்கே எத்தனையோ பேரைக் கடிக்கிறது, அதன் நஞ்சுக்கு அந்த மருந்து செய்யப்பட்டதே இல்லை. இங்கே பதில் இல்லாத கேள்வி இருக்கிறது. ஆய்வுப் பணம் போக வேண்டியது இந்த மாதிரி இடத்துக்கு. சுவரில் பாம்புக்கடிக்கு விழுந்தது நான்கு ஸ்டிக்கர்.

அதில் ஒன்றாவது என்னுடையதா என்றால், இல்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கையில் மூன்று ஸ்டிக்கரோடு சுவருக்கு முன்னால் நிற்கும்போது, ஏற்கெனவே பச்சையாகக் கிடக்கும் இடத்துக்கே கை போகிறது. பின்னால் வரிசை வேறு. நீரிழிவில் ஒன்று, இருதயத்தில் ஒன்று, டெங்குவில் ஒன்று ஒட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். டெங்குவுக்காவது ஒரு சமாதானம் சொல்லலாம். 2017ஐ மறக்க முடியாது. அந்த வருடம் நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு, கொழும்பு மாவட்டத்தில்தான் அதிகம். கடை வாசலில் பரசிற்றமோலுக்கு வரிசை நின்றது. பப்பாசி இலைச்சாறு வேலை செய்யுமா என்று ஒரு நாளைக்கு இருபது பேர் கேட்டார்கள். மற்ற இரண்டும் மந்தை ஸ்டிக்கர். வாக்கைப் பெட்டியில் போட வைத்திருந்தால் இப்படி நடந்திருக்காது. ஒருங்கிணைப்பாளர்கள் இதை வாசித்தால் இது ஒன்றையாவது மாற்றுங்கள்.

மதியச் சாப்பாடு. மஞ்சள் சோறு, கோழிக்கறி, கத்தரிக்காய் மோஜு, பருப்பு, அப்பளம், வறுத்த மிளகாய். சைவத்துக்குத் தனி மேசை, தனிக் கரண்டி, அதை எழுதித்தான் ஆக வேண்டும். மோஜுவில் வினாகிரி ஒரு கை கூட. இனிப்புக்கு வட்டிலப்பம், பிரமாதம், ஏலக்காய் தேனில் ஊறின மாதிரி ஒரு வாசனை. காலையில் நீரிழிவுக்கு ஸ்டிக்கர் ஒட்டிய அதே கைகள்தான் அங்கே வரிசையில் நின்றன. நானும் நின்றேன்.

பின்னேரம் எட்டுப் பேர் கொண்ட மேசைகளாகப் பிரித்தார்கள். எனக்கு ஏழாம் மேசை. அந்த ஒன்றரை மணித்தியாலத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

மேசையில் ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்த அம்மா, ஓய்வுபெற்ற மிட்வைஃப். மதவாச்சிக்குப் பக்கத்திலிருந்து வந்த சிங்கள விவசாயி, அண்ணனைச் சிறுநீரக நோய்க்குப் பறிகொடுத்தவர். காலையில் இலாபம் கேட்ட வவுனியாக்காரர். இரண்டு வைத்தியர்கள், ஒரு மருத்துவ பீட மாணவி, நான், மேசையை நடத்த என்னைக் கூப்பிட்ட அதே இளம் டொக்டர். அவர் செய்த ஒரு காரியம் எல்லாவற்றையும் மாற்றியது. நோயின் பெயரைச் சொல்லக் கூடாது என்றார். "உங்களுக்கு விடை தெரியாத ஒரு கேள்வியைச் சொல்லுங்கோ. கேள்விக்குறியோடு முடிய வேணும்."

கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. காலையில் எல்லோருக்கும் கருத்து இருந்தது, இப்போது ஒருவரிடமும் கேள்வி இல்லை.

முதலில் பேசியது விவசாயி. கையைக் கட்டிக்கொண்டு, மெதுவாக. எங்கள் ஊருக்கு யார் யாரோ வந்தார்கள் மாத்தயா. கிணற்றுத் தண்ணீர் எடுத்தார்கள், மண் எடுத்தார்கள், அரிசி எடுத்தார்கள், இரத்தமும் சிறுநீரும் எடுத்தார்கள், அண்ணன் சாகும் முன் அவரிடம் நகத்தையும் வெட்டி எடுத்தார்கள். எடுத்துக்கொண்டு போனவர்கள் ஒருவரும் திரும்பி வந்து இதுதான் கண்டோம் என்று சொல்லவில்லை. என் கேள்வி, என் கிணற்றுத் தண்ணீரை நான் குடிக்கலாமா?

வைத்தியர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த நோயின் கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். 1990களில் வடமத்திய மாகாணத்தில் கண்ணில் பட்டது. நீரிழிவும் இல்லை, பிரஷரும் இல்லை, வயலில் வேலை செய்கிற ஆணுக்குச் சிறுநீரகம் மெல்ல மெல்லச் செயலிழக்கிறது. காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் என்பதே அதன் பெயராகிப் போனது. கட்மியம் என்றார்கள், ஆர்செனிக் என்றார்கள், புளோரைட்டும் கல்சியமும் சேர்ந்த வன்னீர் என்றார்கள், கிளைபோசேட் என்ற களைக்கொல்லி என்றார்கள், வெயிலில் உடல் வற்றுவது என்றார்கள். உலக சுகாதார நிறுவனமும் தேசிய விஞ்ஞான மன்றமும் சேர்ந்து பெரிய ஆய்வொன்று செய்து 2013இல் வெளியிட்டன. 2015இல் கிளைபோசேட்டைத் தடை செய்தார்கள், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் திரும்ப விட்டார்கள். 2021இல் பொலன்னறுவையில் சீன உதவியோடு பெரிய சிறுநீரக வைத்தியசாலை திறந்தார்கள். இவ்வளவும் நடந்த பிறகும் அந்த மனிதர் கேட்டதற்கு ஆம் இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்ல மேசையில் ஆளில்லை. டொக்டர் அதை அப்படியே, அவர் சொன்ன சொல்லிலேயே தாளில் எழுதினார். பக்கத்தில் இன்னொன்றும் எழுதினார்: எடுத்த மாதிரிகளின் முடிவை ஊருக்குத் திருப்பிச் சொல்வது எப்படி? அதுவும் ஆய்வு செய்யத் தகுந்த கேள்விதானாம். எனக்குப் புதிது.

பிறகு ஹற்றன் அம்மா. லயம் என்ற தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்து கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் வெற்றிலை, பாக்கு, புகையிலை போட்டுக்கொண்டேதான் மலை ஏறுவார்கள், இறங்குவார்கள். வாயில் வெள்ளைத் தழும்பு வந்து, அது புண்ணாகி, வாய் திறக்க முடியாமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரி. "நான் முப்பது வருஷம் லயம் லயமா ஏறி எறங்கினேன் ஐயா. வயித்தைப் பார்த்தேன், பிள்ளையை நிறுத்தேன். வாயைத் தொறங்கன்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லல. எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. மிட்வைஃப் பார்த்தா கண்டுபிடிச்சிட முடியுமா?"

அருமையான கேள்வி என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே வைத்தியர்களில் மூத்தவர் தலையை ஆட்டினார். முடியும் என்று ஏற்கெனவே தெரியும் என்றார். 1980களின் தொடக்கத்திலேயே, வெளிநாட்டில் இல்லை, இதே இலங்கையில், ஆரம்ப சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆயிரக்கணக்கானவர்களின் வாயைப் பார்க்க வைத்துச் சோதித்திருக்கிறார்கள். அவர்களால் கண்டுபிடிக்க முடிந்தது. கட்டுரை உலகத்துக்கே தெரியும்.

அந்த அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "நான் வேலைக்குச் சேர முந்தியா?" என்று கேட்டார். அவர் சேர்ந்தது 1988இல்.

கேள்வி மாறியது. விடை தெரிந்த ஒன்று 40 வருடமாக ஏன் லயத்துக்கு வந்து சேரவில்லை? டொக்டர் சொன்னார், பிரித்தானியாவில் ஜேம்ஸ் லிண்ட் கூட்டணி என்று 2004இல் தொடங்கிய ஒன்று இருக்கிறதாம். நோயாளர், அவரைப் பார்த்துக்கொள்பவர், வைத்தியர் மூன்று தரப்பும் கேள்விகளைக் கொடுப்பார்கள். முதல் வேலையாக, ஏற்கெனவே பதில் இருக்கிறதா என்று தேடுவார்கள். பதில் இருக்கும் கேள்வியைப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டு, மிச்சத்தில்தான் முதல் பத்தைத் தெரிவு செய்வார்கள். காலையில் இந்த ஒரு படி நடந்திருந்தால் சுவரில் பாதிப் பெயர் நின்றிருக்காது. எங்கள் நாட்டுக்கு அதோடு இன்னொரு படியும் தேவை என்று எனக்குப் பட்டது. பதில் இருந்தும் ஏன் வரவில்லை என்ற கேள்விகளுக்குத் தனியாக ஒரு பட்டியல்.

வவுனியாக்காரர் கேட்டது நீரிழிவைப் பற்றி. நாட்டில் வளர்ந்தோரில் நூற்றுக்கு 10 பேருக்கு நீரிழிவு என்று எல்லோரும் நெடுங்காலம் சொல்லிவந்த கணக்கு 2005-06இல் எடுத்த ஆய்விலிருந்து வந்தது. அது ஒன்பது மாகாணங்களில் ஏழில் மட்டும் எடுத்தது. வடக்கும் கிழக்கும் இல்லை. யுத்தம், போக முடியாது, சரி. குடித்தொகை சுகாதார அளவீடு 2006-07இலும் வடக்கு இல்லை. முழுத் தீவும் அதில் வந்தது 2016இல்தான். "நாங்கள் எண்ணப்படாத காலத்தில எங்களுக்கு என்ன வருத்தம் வந்தது, ஆர் செத்தது எண்டு இனி எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்றார். நான் யாழ்ப்பாணத்து வடமராட்சி ஆள். யுத்த வருடங்களில் அம்மாவின் இன்சுலினுக்காகப் பனிக்கட்டி தேடி அலைந்த ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் எத்தனை பேருக்குச் சீனி என்று கேட்க யாரும் வந்ததில்லை.

என் முறை வந்தபோது 2022ஐப் பற்றிக் கேட்டேன். டொலர் இல்லை, மருந்து இல்லை. வந்த மருந்தும் விலை ஏறியது. ஏப்ரலில் 60 மருந்துகளின் உச்ச விலையை 40 வீதம் கூட்டினார்கள். மாதத்துக்கு 30 மாத்திரை வாங்குபவர்கள் என்னிடம் வந்து ஏழு தாருங்கள், ஐந்து தாருங்கள் என்றார்கள். கத்தரிக்கோலால் அட்டையை வெட்டி வெட்டி என் பெருவிரலில் காய்ப்பு வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டவர்கள், பாதியாக உடைத்துப் போட்டவர்கள், கணவனும் மனைவியும் ஒரே அட்டையைப் பங்கு போட்டவர்கள். பெயரோடு எனக்குத் தெரிந்தவர்களே நிறையப் பேர். என் கேள்வி, அரை மாத்திரையில் அந்த வருடத்தைக் கடந்தவர்களுக்கு இன்று சிறுநீரகமும் இருதயமும் எப்படி இருக்கின்றன? மருந்தகங்களில் பற்றுச்சீட்டு இருக்கிறது, கிளினிக்குகளில் புத்தகம் இருக்கிறது, ஆட்கள் உயிரோடு இருக்கிறார்கள். யாராவது கேட்டால் என் கடைப் பதிவேட்டைத் தரத் தயார் என்றும் சொன்னேன். மாணவி அதைத் தன் கொப்பியிலும் எழுதிக்கொண்டாள். அன்று எனக்குக் கிடைத்த மரியாதை அதுதான்.

கேள்வி சின்னதாக இருந்தாலும் விடை நாட்டையே புரட்டலாம் என்பதற்கு மூத்த வைத்தியர் ஒரு உதாரணம் சொன்னார். 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு 47, உலகத்திலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. அதில் பெரும்பகுதி விவசாய நஞ்சு. எந்த நஞ்சு குடித்தவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தும் பிழைப்பதில்லை என்று பார்த்து, மிகக் கொடிய வகைகளை 1995இலும், எண்டோசல்பானை 1998இலும் தடை செய்தார்கள். பத்து வருடத்தில் வீதம் பாதியானது. விளைச்சல் விழவில்லை. சுவரில் ஒட்டியிருந்த 20 பெயரில் நஞ்சூட்டம் இருக்கவே இல்லை என்று அவர் சுட்டிக்காட்டியபோது எல்லோரும் திரும்பிச் சுவரைப் பார்த்தோம்.

அப்புறம் வந்தது புள்ளித்தாள். எங்கள் கேள்விகளுக்கு ஐந்து அளவுகோலில் புள்ளி போட வேண்டும். குழந்தை நல ஆய்வுகளுக்காக உருவாக்கிய ஒரு முறையைப் பின்பற்றினார்களாம். இந்தக் கேள்விக்கு ஆய்வால் விடை காண முடியுமா, கண்டால் பலன் இருக்குமா, அதை மக்களிடம் கொண்டுசேர்க்க முடியுமா, நோயின் சுமை எவ்வளவு குறையும், கடைசியாக, பின்தங்கியவர்களுக்கும் நியாயமாகப் போய்ச் சேருமா. முறை நல்ல முறை. சத்தமாகப் பேசுகிறவர் வெல்வதைக் கொஞ்சமாவது தடுக்கும். ஆனால் ஆறு கேள்வி, ஐந்து அளவுகோல், எட்டுப் பேர், கொடுத்தது 25 நிமிடம்.

தமிழ்த் தாளை நிரப்பிய நாங்கள் மூன்று பேரும் ஐந்தாவது நிரலில் நின்றுவிட்டோம். தலைப்பு "உரிமைப் பங்கு மூலதனம்". வவுனியாக்காரர் அட்டையைத் தூக்கிக் காட்டி, "பங்குதாரர் எண்டு போட்டதுக்குக் காரணம் இதுதானோ?" என்றார். ஈக்குவிட்டி என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பங்குச் சந்தையில் ஒரு பொருள், சுகாதாரத்தில் வேறு பொருள், எல்லோருக்கும் நியாயமாகக் கிடைப்பது. மொழிபெயர்த்தவர் வங்கி வேலை செய்கிறவராக இருக்க வேண்டும். ஹற்றன் அம்மா எனக்குப் பங்கும் இல்லை மூலதனமும் இல்லை என்று நினைத்து எல்லாவற்றுக்கும் பூச்சியம் போட்டிருந்தார். டொக்டர் பார்த்துப் பதறி விளக்கும்போது, தாள் சேகரிக்க ஆள் வந்துவிட்டார். எங்கள் மேசையில் திருத்திவிட்டோம். மற்ற மேசைகளில் தமிழ்த் தாள் நிரப்பியவர்கள் என்ன போட்டார்களோ. தோட்டத்தையும் வடக்கையும் கணக்கில் கொண்டுவர வைத்திருந்த ஒரே நிரல், தமிழில் மட்டும் வாசிக்க முடியாமல் போனது. 2016 அளவீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் உயரம் குன்றியோர் நாட்டில் 17 வீதம், தோட்டங்களில் 32 வீதம். அந்த வித்தியாசத்தைப் பார்க்கத்தானே அந்த நிரல்.

கேள்வி நேரத்தில் எழுந்து இதைச் சொன்னேன். குறித்துக்கொண்டார்கள். பணத்தைப் பற்றியும் கேட்டேன். 1990இலேயே சர்வதேச ஆணைக்குழு ஒன்று வளரும் நாடுகள் சுகாதாரச் செலவில் 2 வீதத்தையாவது ஆய்வுக்கு ஒதுக்க வேண்டும் என்று சொன்னதாகக் காலையில் படம் காட்டினார்களே, எங்கள் நாடு எல்லாத் துறை ஆய்வுக்கும் சேர்த்து மொத்த உற்பத்தியில் 0.1 வீதத்தை ஒட்டித்தானே செலவழிக்கிறது, இந்தப் பட்டியலுக்கு எவ்வளவு பணம் இருக்கிறது? பட்டியல் தயாரான பிறகு நிதி வழங்குநர்களிடம் பேசுவோம் என்றார்கள். கடையில் பற்றுச்சீட்டு எழுதிவிட்டுச் சாமான் வந்தால் தருகிறேன் என்று சொல்வது மாதிரித்தான். நாலரைக்குப் பிளேன் டீயும் பற்றிஸும். பற்றிஸ் ஆறிப்போயிருந்தது. பயணப்படி உறை கையில் கிடைத்தது, கையெழுத்துக்குத் தமிழ்ப் படிவம்.

மூன்று மாதத்தில் அறிக்கை அனுப்புவதாகச் சொன்னார்கள். ஐந்தாம் மாதம் மின்னஞ்சலில் ஆங்கிலத்தில் வந்தது. சிங்களச் சுருக்கமும் கூடவே இருந்தது. தமிழ்ச் சுருக்கம் விரைவில் என்று ஒரு வரி. முதல் பத்தில் நீரிழிவு முதலாவது, இருதயம் இரண்டாவது. ஆறாவது "வாய்ப் புற்றுநோய்". எங்கள் அம்மாவின் கேள்வியாகத்தான் இருக்க வேண்டும், கேள்விக்குறியைக் காணவில்லை. சிறுநீரக நோய் நான்காவதாக வந்திருக்கிறது, கிணறு இல்லை. என் அரை மாத்திரை பின்னிணைப்பில் "மருந்து கிடைக்கும் தன்மை" என்று மூன்று சொல்லாக இருந்தது. இளம் டொக்டர் கடைக்கு வந்தபோது காட்டினேன். அவர் எழுதிக் கொடுத்த தாள்களின் படம் கைபேசியில் இருக்கிறது என்றார், கேள்விகளை முழுதாகச் சேர்க்கச் சொல்லி எழுதியிருக்கிறாராம். மருத்துவ பீட மாணவி மட்டும் இரண்டு தடவை வந்து என் 2022 பதிவேட்டைப் பார்த்துப் போனாள். அவளுடைய மேற்பார்வையாளர் சம்மதித்தால் ஆய்வு ஒழுக்கநெறிக் குழுவுக்கு விண்ணப்பிக்கப் போகிறாள்.

புள்ளி கேட்பவர்களுக்கு: இடம் ஐந்து, உரைபெயர்ப்பு ஐந்து, காலை அமர்வு பேராசிரியரைக் கழித்தால் ஒன்று, ஏழாம் மேசை ஐந்து, சாப்பாடு நான்கு, தமிழ்த் தாள்கள் பூச்சியம், அறிக்கை ஒன்றரை.

அடுத்த சுற்று மாகாணங்களில் நடத்தி, கடைசியில் மறுபடி கொழும்பில் கூடுவார்களாம். அழைப்பு வந்தால் போங்கள். சால்வையோ ஸ்வெட்டரோ கொண்டு போங்கள். வட்டிலப்பத்தைச் சோற்றுக்கு முன்னால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஒரு மணிக்குள் தட்டு காலி. புள்ளித்தாள் தரும்போது சிங்களத் தாள் ஒன்றையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். ஐந்தாவது நிரலை அதைப் பார்த்து நிரப்பலாம்.